தங்குவதற்குக் கட்டிய ஊரில் ஒன்றரை மணி நேரம்

எங்கள் பூங்கா நடைக் கோஷ்டியில் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது ஐரோப்பா போய் வருகிறார்கள். திரும்பி வந்ததும் முதலில் சொல்வது கணக்குதான். 14 நாள், 9 நாடு. அதைக் கேட்டவர் அடுத்த வருஷம் 15 நாளில் 11 நாடு பார்த்துவிட்டு வருவார். பேத்தி பேரன்களின் மார்க்கை ஒப்பிட்டுப் பார்த்த பழக்கம் இன்னும் நம்மை விடவில்லை.

அந்தப் பட்டியலில் இத்தாலி வரும்போது ஒரு சின்னக் கோட்டை ஊர் அடிக்கடி தலைகாட்டும். பெயர் சான் ஜிமின்யானோ. வாயில் நுழையாததால் ‘அந்த டவர் ஊர்’ என்பார்கள். கைப்பேசியில் நாலு படம் காட்டுவார்கள். ஒரு மதில் வாசல், ஒரு கிணறு, கல் கோபுரங்கள், கையில் ஐஸ்கிரீம். “எவ்வளவு நேரம் இருந்தீங்க?” என்று கேட்டால், “ஒன்றரை மணி நேரம் கொடுத்தான் சார், தாராளம்” என்பார்கள்.

இந்தப் பதிவு அந்த ‘தாராளம்’ என்ற சொல்லோடு எனக்குள்ள சண்டை. ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். அந்த ஊருக்கு ஒன்றரை மணி நேரம் போவதைவிடப் போகாமலே இருப்பது மேல். போவதானால் ஒரு ராத்திரியாவது தங்குங்கள். கோபம் வருகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படலாம்.

முதலில் ஊரைப் பற்றி. பிளாரன்ஸிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தள்ளி, சியன்னா மாவட்டத்தில், ஒரு குன்றின் மேல் இருக்கிறது. சுற்றிலும் சுமார் 2 கிலோமீட்டர் மதில். தெற்கு வாசல் சான் ஜொவான்னி, வடக்கு வாசல் சான் மத்தேயோ. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நம் வயதுக்காரர்கள் மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரம் போதும். 13ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்தச் சின்ன இடத்துக்குள் 72 கோபுர வீடுகள் நின்றன என்கிறார்கள். இப்போது மிச்சம் 14. 1990-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கோபுரங்கள் எதற்கு? பெருமைக்குத்தான். பணக்காரக் குடும்பங்கள் ஒன்றை ஒன்று மிஞ்சக் கட்டின. அர்தின்கெல்லி குடும்பம் ஒரு கட்சி, சால்வூச்சி குடும்பம் எதிர்க்கட்சி. எதிர்வீட்டுக்காரன் மாடி எடுத்தால் நாமும் ஒரு மாடி எடுக்கிறோமே, அதே வியாதி. கடைசியில் 1255-இல் ஊராட்சிக் கோபுரத்தைவிட உயரமாக யாரும் கட்டக் கூடாது என்று சட்டமே போட வேண்டியிருந்தது.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் நம் சண்டைக்கு முக்கியம். குங்குமப்பூ வியாபாரம் ஒன்று. அந்த மலைச்சரிவுகளில் விளைந்த பூவுக்கு வெளியூரில் நல்ல கிராக்கி. மற்றொன்று, வழிப்போக்கர்கள். வடக்கேயிருந்து ரோமுக்கு யாத்திரை போகிறவர்கள் நடந்த பழைய பாதை, வியா பிரான்சிஜெனா, இந்த ஊர் வழியாகச் சென்றது. 990ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கான்டர்பரி ஆர்ச்பிஷப் சிஜெரிக் ரோமுக்குப் போய்த் திரும்பியபோது, வழியில் தங்கிய ஊர்களின் பட்டியல் இன்றும் இருக்கிறது. ரோமிலிருந்து எண்ணினால் 19ஆவது ஊர் சான் ஜிமின்யானோ. பகலெல்லாம் நடந்தவன் இருட்டும் நேரத்தில் மதில் வாசலுக்குள் நுழைவான். வாசல் மூடப்படும். உள்ளே கூரையும் சூப்பும் ரொட்டியும் கிடைக்கும். காய்ச்சல் வந்து விழுந்தவனுக்கு 1253-இல் தொடங்கிய சாந்தா பீனா மருத்துவசாலை இருந்தது. காலையில் வாசல் திறந்ததும் நடையைக் கட்டுவான்.

ஆக, இது தங்குவதற்கென்றே வளர்ந்த ஊர். சத்திரமும் சாவடியும் கட்டிய பரம்பரையில் வந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராமேஸ்வரத்துக்கு நடந்து போனவர்கள் சத்திரத்துத் திண்ணையைத் தொட்டுவிட்டு ஓடவில்லை. படுத்துத் தூங்கி எழுந்துதான் போனார்கள். அப்படிப்பட்ட ஒரு ஊருக்கு இன்றைக்குப் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிறார்கள், ஒரு வேளை கூடத் தங்குவதில்லை.

நான் ரயில்வேயில் 34 வருஷம் வேலை பார்த்தவன். அதில் பாதிக் காலம் கால அட்டவணையோடு மல்லுக்கட்டியவன். ஆகவே அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் யோக்கியதை எனக்கு உண்டு. பிளாரன்ஸிலிருந்து ஒரே நாளில் சியன்னா, சான் ஜிமின்யானோ, பைசா மூன்றையும் காட்டும் பஸ்கள் நிறைய ஓடுகின்றன. பெரிய பஸ் மதிலுக்குள் வர முடியாது. வெளியே நிறுத்தி, எல்லோரும் இறங்கி, தலையை எண்ணி முடிக்க 10 நிமிடம். கழிப்பறை வரிசை 15 நிமிடம். நம் வயதில் இதில் சமரசம் கிடையாது. தெற்கு வாசலிலிருந்து மேட்டுத் தெருவில் ஏறிக் கிணற்றுச் சதுக்கம் போய்ச் சேர 15 நிமிடம். ஐஸ்கிரீம் வரிசை 15 நிமிடம். காந்தப் பொம்மை, சாவிக்கொத்து வாங்கப் பேரம் 10 நிமிடம். திரும்பி இறங்கிப் பஸ்ஸுக்குச் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நிற்க 15 நிமிடம். ஆக 80. மிச்சம் 10 நிமிடம். அதில் படம் எடுக்க வேண்டும். இந்த அட்டவணையில் ஊர் எங்கே வருகிறது?

இதோடு போனால் பரவாயில்லை. பத்து நிமிடம் பார்த்தவர்கள்தான் தீர்ப்பும் சொல்கிறார்கள். “700 வருஷமா அப்படியே பாதுகாத்து வெச்சிருக்கான் பாருங்க! நம்ம ஆளுங்களுக்கு இந்த அக்கறை உண்டா?” இந்த வசனத்தை நான் எத்தனை வாயிலிருந்து கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. அதில் உள்ள அறியாமையைச் சொல்லாமல் விட முடியாது.

அந்த ஊரை அத்தனை காலம் காப்பாற்றியது அக்கறை அல்ல, தரித்திரம். 1348-இல் கொள்ளைநோய் வந்து ஊர் மக்களில் பெரும் பங்கைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் 1353-இல் பிளாரன்ஸுக்குக் கட்டுப்பட்டார்கள். ஊரை ஆளவந்த பிளாரன்ஸ் அங்கேயே ஒரு கோட்டையையும் கட்டி உட்கார்ந்தது. யாத்திரைப் பாதையும் மலையை விட்டு இறங்கிப் பள்ளத்தாக்குக்குப் போனது. ஆள் இல்லை, பணம் இல்லை, வழிப்போக்கனும் இல்லை. பிளாரன்ஸிலும் ஒரு காலத்தில் கோபுர வீடுகள் ஏராளமாக நின்றன. அங்கே அதிகாரமும் பணமும் இருந்ததால் அவற்றை வெட்டிக் குறைத்தார்கள், இடித்தார்கள், அந்த இடத்தில் மாளிகை எழுப்பினார்கள். சான் ஜிமின்யானோவில் இடித்துக் கட்டக் காசில்லை. அதனால் பழையது நின்றது. பிற்காலத்தில் சட்டம் வந்தது, மராமத்து நடந்தது, பெருமைப்பட வேண்டிய வேலைதான். ஆனால் அதற்கு முன் பல நூறு வருஷம் அங்கே வாழ்ந்தவர்கள் ஏழைகளாக வாழ்ந்ததால்தான் நமக்கு இன்று படம் எடுக்கக் கோபுரம் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள ஒன்றரை மணி நேரம் போதாது. தெரிந்துகொண்டால் அந்தக் கோபுரங்களை அண்ணாந்து பார்க்கிற பார்வையே வேறாகிவிடும்.

நானும் என் மனைவியும் பிளாரன்ஸிலிருந்து ரயிலில் போஜ்ஜிபோன்சி வரை போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து ஏறினோம். சான் ஜிமின்யானோவுக்கு ரயில் நிலையம் கிடையாது. மதிலுக்குள் ஒரு சின்ன ஓட்டலில் இரண்டு ராத்திரி இருந்தோம். இரண்டாம் நாள் வியாழக்கிழமை. காலையில் கிணற்றுச் சதுக்கம் முழுக்கச் சந்தை. வாரா வாரம் வியாழன் அங்கே சந்தை கூடும். காய்கறி, பாலாடைக்கட்டி, உள்ளாடை, செருப்பு, பூந்தொட்டி எல்லாம் வேனில் வந்து இறங்கியிருந்தன. தள்ளுவண்டிப் பையோடு கிழவிகள் தக்காளியை அழுத்திப் பார்த்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என் அம்மாவின் ஞாபகம் வந்தது.

அப்போது பின்னால் தமிழ்க் குரல். ஒரு குழு. அதில் ஒருவர், என்னைவிட இரண்டு மூன்று வயது சிறியவராக இருக்கலாம், சலித்துக்கொண்டார்: “இன்னிக்குன்னு பாத்து சந்தையைப் போட்டுட்டான்யா. கிணறு மறையுது. ஒரு படம் ஒழுங்கா எடுக்க முடியல.”

எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சதுக்கமே கடையும் வியாபாரமும் நடந்து வளர்ந்த இடம். அந்த எட்டுப் பக்கக் கிணற்றின் விளிம்புக் கல்லைப் பாருங்கள். தண்ணீர் சேந்திய கயிறு நூற்றாண்டுக் கணக்கில் உராய்ந்து ஆழமாகத் தடம் போட்டிருக்கிறது. அது படத்துக்கான கிணறு அல்ல, குடம் சுமந்த பெண்களின் கிணறு. அதன் பக்கத்தில் இன்னமும் ஒரு கிழவி தக்காளி வாங்குகிறாள் என்பதுதான் அங்கே பார்க்க வேண்டிய அதிசயம். ஊர் உயிரோடு இருப்பதற்கு அங்கே மிச்சமிருக்கிற சாட்சி அதுதான். அதுவே இடைஞ்சலாகத் தெரிகிறதென்றால், நாம் பார்க்க வந்தது ஊரையா, ஊரின் கட்-அவுட்டையா?

அந்த நண்பரைக் குறை சொல்லி என்ன? அவருக்குக் கொடுத்தது ஒன்றரை மணி நேரம். அந்த அவசரத்தில் மனிதர்கள் எல்லாம் மறைக்கும் தலைகளாகத்தான் தெரிவார்கள்.

மாலை 6 மணிக்கு மேல் அந்த ஊரைப் பார்க்க வேண்டும். கடைசிப் பஸ்கள் போய்விடும். தோல்பை கடைக்காரர் பைகளை உள்ளே எடுத்து வைப்பார். சித்திரவதைக் கருவிகளைக் காட்டிக் காசு வாங்கும் மியூசியம் கதவைச் சாத்தும். அதுவரை எங்கே ஒளிந்திருந்தார்களோ, ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். கல் பெஞ்சில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவார்கள். பையன்கள் மாதா கோயில் படிக்கட்டுக்குக் கீழே பந்து உதைப்பார்கள். பகலில் ஆரவாரத்தில் கேட்காத மணிச்சத்தம் அப்போது கேட்கும். பிறகு குன்றுக்குக் கீழே திராட்சைத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக இருளும்.

மறுநாள் காலை 9 மணிக்கு முன்பு ஊர் நமக்கே நமக்கு. நாங்கள் வடக்கு மூலையில் உள்ள சாந்த் அகோஸ்தினோ தேவாலயத்துக்குப் போனோம். பஸ் கூட்டம் பெரும்பாலும் அவ்வளவு தூரம் வருவதில்லை. அங்கே பெனோட்ஸோ கோட்ஸோலி என்ற ஓவியர் 1464, 65-இல் புனித அகுஸ்தீனின் வாழ்க்கையை 17 காட்சிகளாகச் சுவர் முழுக்கத் தீட்டியிருக்கிறார். முதல் காட்சி, பெற்றோர் சிறுவனைப் பள்ளியில் சேர்ப்பது. அதே படத்தில் ஒரு பக்கம் வாத்தியார் இன்னொரு பையனை ஒருவன் முதுகில் ஏற்றிப் பின்பக்கத்தில் அடி கொடுக்கிறார்! என் மனைவி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். திண்ணைப் பள்ளிக்கூடத்துத் தண்டனைகளைத் தாத்தா சொல்லக் கேட்ட நமக்கு அந்தச் சுவரை யாரும் மொழிபெயர்க்க வேண்டாம்.

அதே கோயிலில் அவர் வரைந்த இன்னொரு படம், புனித செபஸ்தியார். வானத்திலிருந்து கொள்ளைநோய் அம்புகளாகப் பாய்கிறது. அவர் தன் போர்வையை விரித்து ஊர் மக்களை அதன் கீழே மறைத்துக்கொள்கிறார்; அம்புகள் போர்வையில் பட்டு முறிகின்றன. 1348-க்குப் பிறகும் கொள்ளைநோய் திரும்பத் திரும்ப வந்த ஊர் அது. கொரோனாவில் நண்பர்களை இழந்தவர்கள் நம்மிலும் உண்டு. அந்தப் படத்தின் முன் நான் நின்ற நேரம், மேலே நான் போட்ட அட்டவணையில் எங்கும் அடங்காது.

இதெல்லாம் நமக்குக் கிடைக்கும் லாபம். ஊருக்கு என்ன நஷ்டம் என்பதுதான் பெரிய விஷயம். நாங்கள் தங்கிய ஓட்டலை நடத்தும் அம்மாள் கொஞ்சம் ஆங்கிலம் பேசினார். பிறந்தது மதிலுக்குள். குடியிருப்பது இப்போது கீழே போஜ்ஜிபோன்சியில். ஏன் என்று கேட்டேன். “இங்கே ஐஸ்கிரீம் எந்த நேரமும் கிடைக்கும், செருப்பு தைக்க ஆள் கிடையாது. ராத்திரியில் எங்கள் தெருவில் விளக்கு எரியும் ஜன்னல்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்” என்றார்.

இதுதான் நடக்கிறது. பகல் கூட்டத்துக்குத் தேவை ஐஸ்கிரீம், பொம்மை, தோல்பை. குடியிருப்பவனுக்குத் தேவை மளிகை, மருந்து, பள்ளிக்கூடம், குழாய் ரிப்பேர். முதல் வகைக்கு வாடகை அதிகம் கிடைக்கும்போது இரண்டாம் வகைக் கடைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். கடை போனால் குடி போகும். ரோமுக்கு வடக்கே சிவிதா தி பான்யோரெஜியோ என்று குன்றின் மேல் ஓர் ஊர் இருக்கிறது. நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் ஏறக்குறைய ஒரு டஜன் பேர். 2013 முதல் உள்ளே போக டிக்கெட். ஊருக்கு டிக்கெட்! வெனிஸின் பழைய நகரத்தில் 1950-களின் தொடக்கத்தில் 1,70,000-க்கு மேல் மக்கள் இருந்தார்கள். 2022-இல் அது 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. 2024-இல் அங்கும் பகல் விருந்தாளிகளுக்குக் கூட்ட நாட்களில் 5 யூரோ கட்டணம் வந்தது. 1348-க்குப் பிறகும் தாக்குப்பிடித்த ஊர், நம்முடைய ரசனையைத் தாங்காமல் காலியாவது நியாயமா?

இனி எதிர்வாதங்கள். எனக்குத் தெரிந்தவரை நாலு.

‘பஸ்ஸில் வருபவர்களாலும் பணம் வருகிறதே?’ வருகிறது. ஆனால் அது எந்தக் கடைக்குப் போகிறது என்று மேலே சொல்லிவிட்டேன். தங்குகிறவன் காலையில் காபி குடிக்கிறான், ராத்திரி சாப்பிடுகிறான், மருந்துக் கடைக்குப் போகிறான், ராத்திரிக்கு இவ்வளவு என்று நகராட்சிக்குத் தங்கல் வரியும் கட்டுகிறான். ஒரு எச்சரிக்கை. குடியிருந்த வீட்டைக் காலி செய்து சுற்றுலாவுக்கு விடும் வாடகை வீடுகளில் தங்காதீர்கள். அதுவும் ஒரு ஜன்னல் விளக்கை அணைப்பதுதான். ஓட்டல் இருக்கிறது, சுற்றிலும் பண்ணை வீட்டு விடுதிகள் இருக்கின்றன.

‘வயசாச்சு, முட்டி வலி.’ அதனால்தான் தங்கச் சொல்கிறேன். மேட்டுத் தெருவில் கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் ஓடுவதுதான் முட்டிக்கு விஷம். தங்கினால் நாலு அடி நடக்கலாம், நாற்பது நிமிடம் உட்காரலாம்.

‘சைவச் சாப்பாடு கிடைக்காது.’ இது குழுப் பயணத்தில் சமையல்காரரைக் கூட்டிப் போகிறவர்கள் கிளப்பும் பீதி. டஸ்கனி ஏழை விவசாயிகளின் சமையல். அவரையும் கீரையும் ரொட்டியும்தான் அதன் அடிப்படை. ரிபொல்லீத்தா என்று ஒரு சூப். பீன்ஸ், கீரை, பழைய ரொட்டி போட்டு, மிஞ்சியதை மறுபடி கொதிக்க வைப்பது. பெயருக்கே ‘மறுபடி கொதித்தது’ என்றுதான் அர்த்தம். சுண்டவைத்த பழங்குழம்பின் ருசி தெரிந்தவர்களுக்கு இதற்குச் சிபாரிசு வேண்டுமா? பீச்சி என்று கையால் உருட்டிய தடித்த நூடுல்ஸ், பூண்டும் தக்காளியும் போட்டுத் தருவார்கள். ‘இறைச்சிச் சாறு வேண்டாம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அங்கத்து ரொட்டியில் உப்பு இருக்காது. இரத்தக் கொதிப்புக்காரர்கள் டாக்டருக்குத் தைரியமாகச் சொல்லலாம்.

‘கம்பெனி போடும் திட்டம், நாம் என்ன செய்ய முடியும்?’ இதுதான் பெரிய பொய். கம்பெனி நாம் கேட்பதைத்தான் விற்கிறது. ‘எத்தனை நாடு?’ என்று முதல் கேள்வி கேட்பவர்கள் நாம். ‘ஒவ்வொரு ஊரிலும் எத்தனை ராத்திரி?’ என்று பத்துப் பேர் சேர்ந்து கேட்டுப் பாருங்கள். ஒன்பது நாட்டை மூன்றாகக் குறைத்தால் பஸ்ஸில் உட்கார்ந்து கால் வீங்கும் நேரம் பாதியாகும், மிச்சமாகும் பணத்தில் ராத்திரிகள் கூடும். வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு லீவு கிடையாது, ஓடுகிறார்கள். நமக்கு என்ன அவசரம்? பென்ஷன் என்பதே நேரத்துக்கு அரசாங்கம் கொடுத்த அனுமதிச் சீட்டு. அதை வாங்கிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஓடுவானேன்?

எவ்வளவு யோசித்தும் ஒரு ராத்திரிக்கு வழியில்லை என்றால், அந்த ஊரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். எப்படியும் பிளாரன்ஸில்தானே படுக்கப் போகிறீர்கள்? அன்றைய பகலை அங்கேயே கழியுங்கள். ஆற்றங்கரையில் உட்காருங்கள். சான் ஜிமின்யானோவுக்கு அன்றைக்கு ஒரு பஸ் குறையும். வியாழக்கிழமையானால், அந்தக் கிழவி யார் படத்திலும் விழாமல் நிம்மதியாகத் தக்காளி வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேருவாள்.